கரடித்தோல் மீது வாங்கிய சத்தியம்

ரஷ்யா சைபீரியாவை விழுங்கிய கதையைச் சொல்பவர்கள் படைத்தலைவர் எர்மாக்கையும், கொசாக்குகள் என்ற எல்லைப்புறப் போர்வீரர்களின் துப்பாக்கிகளையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். என்னை அதைவிட உறுத்துவது ஒரு சடங்கு. ஜார் மன்னருக்கு என்றும் விசுவாசமாக இருப்போம் என்று பழங்குடித் தலைவர்கள் செய்துகொடுத்த சத்தியம் அது. மாஸ்கோ ஆவணங்களில் அதற்கு 'ஷெர்த்' என்று பெயர்.

மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியின் பழங்குடிகளான ஹாந்தி, மான்சி மக்களிடம் அதை வாங்கிய விதத்தைப் பாருங்கள். கரடித்தோலை விரித்து, கோடரியையும் கத்தியையும் வைப்பார்கள். கத்தி முனையில் நீட்டப்படும் ரொட்டித் துண்டை வாயில் வாங்கிக்கொண்டு, சொல் தவறினால் கரடி என்னைக் கிழிக்கட்டும், இந்த ரொட்டி தொண்டையை அடைக்கட்டும், கோடரி தலையைத் துண்டிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். கரடி அவர்களுக்குப் புனிதமானது. கிறிஸ்தவப் பேரரசின் அதிகாரிகள் அங்கே பைபிளை நீட்டவில்லை. அவரவர் சாமிக்குத்தான் அவரவர் பயப்படுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குகிற நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் கணக்கும் இதுதான்.

ஆனால் சாமியை மட்டும் நம்பி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தலைவரின் மகனையோ நெருங்கிய உறவினரையோ கோட்டைக்குள் பிணையாக அடைத்து வைத்தார்கள். 'யசாக்' என்ற வரிக்காக, சேபிள் என்ற கீரி போன்ற விலங்கின் மென்மயிர்த் தோல்களைக் கொண்டுவரும் உறவினர்களுக்கு, ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டுவார்கள். மணிகள், செம்புச் சாமான், கோடரி என்று ஏதாவது கையில் கொடுத்து அனுப்புவார்கள். கொடுத்த தோலுக்கு ஈடாகக் கிடைத்த பண்டம் என்றே அதை வாங்கியவர்கள் பலரும் எண்ணினார்கள். மாஸ்கோவின் கணக்கில் அது ஜார் மன்னர் தம் குடிகளுக்கு இரங்கி அளித்த கொடை. 1642இல் கிழக்குச் சைபீரியாவின் யாகூத்ஸ்க் ஆளுநர் கோலோவின் மக்களையும் கால்நடைகளையும் கணக்கெடுக்கத் தொடங்கியதும் யாகூத் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைவர்கள் பலர் தூக்கில் தொங்கினார்கள். குற்றம் என்ன? சத்தியத்தை மீறிய துரோகம்!

சரி, ஜார் பதிலுக்கு என்ன சத்தியம் செய்தார்? ஒன்றும் இல்லை. 1654இல் பெரயாஸ்லாவ் நகரில் ஜாருக்கு விசுவாசச் சத்தியம் செய்யக் கூடிய உக்ரைனியக் கொசாக்குகளே இதைக் கேட்டார்கள். ஜார் சார்பில் நீங்களும் உறுதி கொடுங்கள் என்றார்கள். குடிகளுக்கு மன்னர் சத்தியம் செய்யும் வழக்கமே கிடையாது என்று தூதர் புதுர்லின் மறுத்துவிட்டார். ஆயுதம் ஏந்திய, ஒரே மதத்தைச் சேர்ந்த கொசாக்குகளுக்கே இதுதான் பதில் என்றால், கரடித்தோல்காரர்களை யார் மதித்திருப்பார்கள்? ஒரு தரப்பு மட்டும் வாய் திறந்த சடங்கை ஒப்பந்தம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது பின்னால் வந்த விழாக்கள். 1557இல் காகசஸின் கபர்தா இளவரசர் தெம்ரியூக்கின் தூதர்கள் மாஸ்கோ போனார்கள். எதிரிகளைச் சமாளிக்க அவருக்கு ஒரு பலமான கூட்டாளி வேண்டியிருந்தது. 1561இல் அவர் மகளை ஜார் இவான் மணந்தார். அந்த உறவைத்தான் சோவியத் அரசு 1957இல் 'தாமாக முன்வந்து ரஷ்யாவுடன் இணைந்த 400ஆவது ஆண்டு' என்று கொண்டாடியது. கபர்தா-பால்கர் குடியரசின் தலைநகரான நால்சிக்கில் அந்த மகளுக்குச் சிலையும் எழுந்தது. பெயர், 'என்றென்றும் ரஷ்யாவுடன்'. தாமாக இணைந்தவர்கள், 1763இல் மொஸ்தோக் கோட்டை எழுந்த பிறகு பல பத்தாண்டுகள் ரஷ்யப் படையோடு ஏன் மோதினார்கள் என்று விழா மேடையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே குடியரசின் பால்கர் மக்கள் 1944இல் கூண்டோடு நாடு கடத்தப்பட்டு, ஊர் திரும்ப அனுமதி பெற்றதும் இதே 1957இல்தான்.

வடகிழக்கு மூலையின் சுக்சி மக்கள் மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. 1747இல் தங்களை ஒடுக்க வந்த தளபதி பாவ்லுத்ஸ்கியையே கொன்றார்கள். சுமார் இருபது ஆண்டுகளில், அங்கிருந்த அனாதிர் கோட்டையை ரஷ்யர்களே கைவிட்டுப் போனார்கள். பிறகு 1822இல் வந்த சைபீரியச் சட்டம், சுக்சி மக்கள் தாங்கள் விரும்பிய அளவு, விரும்பிய தரத்தில் வரி கொடுத்தால் போதும் என்று எழுதிவைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சத்தியம் செய்து வரி கட்டிய ஹாந்திகளுக்கும் யாகூத்துகளுக்கும் அந்தச் சலுகை இல்லை.