லேசா தள்ளினாராம்

“அம்மாகிட்ட கேளு, அப்பா எங்க அடிச்சார்னு.”

நான் உள்ளே நுழையும்போது அதிகாரி இதைப் பத்து வயசுப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சைகை மொழிபெயர்ப்பாளர், அதாவது நான், வர நேரமாகும் என்று அவனையே உட்காரவைத்துவிட்டார்கள். காது கேளாத அந்த அம்மா, கணவர் தன் கழுத்தைப் பிடித்த விதத்தைக்கூட நடித்துக் காட்டினார். பையன் தரையைப் பார்த்தபடி, “லேசா தள்ளினாராம்” என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி அவன் திரும்பிப் போக வேண்டியது அதே வீட்டுக்கு.

குடும்ப வன்முறைக்கு உதவி என்றாலே நாம் ஒரு போன் நம்பரைத்தான் நீட்டுகிறோம். காது கேளாதவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டால், “மெசேஜ் பண்ணலாமே” என்பார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் சைகையிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்து இரண்டாம் மொழி. நடுங்குகிற கையோடு அதில் எவ்வளவு எழுத முடியும்? வீடியோ காலில் சைகை தெரிந்த ஆள் இருக்கணும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பவர்கள் கண்ணாடி முன் நின்று ‘படி’, ‘மடி’ என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.

அடிக்கிற விதமும் வேறு. காதுக்கருவியின் பேட்டரியை ஒளித்துவைப்பது, சைகை செய்கிற கையை முறுக்குவது. கையை முறுக்கினால் வாயையும் பொத்தியாயிற்று. நான் பார்த்த படிவங்களில் அது வெறும் ‘கையில் காயம்’.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். காது கேளாதோர் வட்டம் சின்னது. அந்தக் கணவருக்கும் ஒருமுறை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதைச் சொல்லி, வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கேட்காமலே உட்காருகிறவர்களும் உண்டு.

1986-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் மர்லின் ஸ்மித் என்ற காது கேளாத பெண், தன்னைப் போன்ற பெண்களுக்காகவே ஓர் உதவி அமைப்பைத் தொடங்கினார். அங்கே, தனக்கு நடந்ததைச் சொல்ல நடுவில் ஆள் தேவையில்லை, சைகையிலேயே பேசலாம். எனக்கு வேண்டியதும் இதுதான்: உதவி செய்கிற இடத்தில் காது கேளாதவர்களே சம்பளத்துக்கு வேலை பார்க்கணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கையின் 16-வது பிரிவு, பாதுகாப்புச் சேவைகள் உடற்குறையையும் கணக்கில் எடுக்கணும் என்கிறது. காப்பகத்தில் தீ அலாரம் ஒலியோடு விளக்காகவும் மின்னுவதுகூட அதில் சேர்த்தி. ‘வீடியோ கால் கூடாது’ என்ற காப்பக விதியை அவர்களுக்கு அப்படியே போட்டால், அது வாய்ப்பூட்டு.

அன்றைக்குப் பையனை வெளியே அனுப்பச் சொன்னேன். கதவு சாத்துகிறவரை அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பையன் கேட்டிராத நிறைய அதில் இருந்தது.