மாமியாரும் மருமகளும்: ஐரிஸ் மர்டாக்கோடு எனக்குள்ள வழக்கு

தத்துவ நூல் ஒன்றில் மாமியார் மருமகள் கதை வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 15 ஆண்டுகள் தத்துவம் கற்பித்து, 26 நாவல்களும் எழுதிய ஐரிஸ் மர்டாக், 1970-இல் வெளியிட்ட 'த சவரின்டி ஆஃப் குட்' என்ற கட்டுரை நூலில் அது வருகிறது.

அவர் காட்டும் மாமியார், மருமகளிடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொள்கிறாள். உள்ளுக்குள் மட்டும், இவள் நயமில்லாதவள், சத்தக்காரி, என் மகன் தகுதிக்குக் கீழே பெண் எடுத்துவிட்டான் என்று குமைகிறாள். பிறகு, தான் பழைய போக்குடையவள், தனக்குப் பொறாமையும் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவளை மறுபடி பார்க்க முனைகிறாள். சத்தமாகத் தெரிந்தது கலகலப்பாகத் தெரியத் தொடங்குகிறது. மருமகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகவோ இறந்துவிட்டதாகவோகூட வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மர்டாக். மாற்றம் முழுவதும் மாமியாரின் மனத்துக்குள் நடந்தது, ஆனாலும் அது ஒழுக்கச் செயல்தான் என்பதே அவர் வாதம். வெளியே தெரியும் செயலையும் தேர்வையும் மட்டுமே கணக்கில் கொண்ட அவர் காலத்துத் தத்துவத்துக்கு எதிராக, நாம் ஒருவரைப் பார்க்கும் விதத்திலேயே நன்மையும் தீமையும் தொடங்கிவிடுகின்றன என்று அவர் சொன்னதை நான் மனமார ஏற்கிறேன்.

ஆனால் நானும் ஒரு மாமியார். கோத்தகிரியின் அமைதிக்குப் பழகிப்போன எங்கள் மலை வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்த மருமகள், அடுத்த அறையில் இருப்பவரிடமும் தெருமுனைக்குக் கேட்கும்படி பேசினாள். ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை. மனத்தில் சுளிக்காத நாளும் இல்லை. மறுபடி பார்க்க முயன்றேன், இரண்டு ஆண்டுகள். பேரக் குழந்தையைப் பார்க்க அவள் பிறந்த வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கியபோதுதான், அவள் அப்பாவுக்குச் சிறு வயது முதலே காது மந்தம் என்பதும், அந்த வீட்டில் அன்பு என்றாலே உரக்கப் பேசுவதுதான் என்பதும் தெரிந்தது. கட்டுரையில் வரும் மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே கண்டதை, நான் மலையிறங்கிப் போய்த்தான் காண முடிந்தது.

இந்த இடத்தில் நாவலாசிரியர் மர்டாக் தத்துவவாதி மர்டாக்கைவிட நேர்மையானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1978-இல் புக்கர் பரிசு பெற்ற 'த சீ, த சீ' நாவலில், ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் சார்ல்ஸ், இளமையில் தான் காதலித்த ஹார்ட்லியைக் கடலோர ஊரில் மறுபடி காண்கிறார். இரவும் பகலும் அவளையேதான் நினைக்கிறார். அவள் துயரம் தனக்கு மட்டுமே தெரியும் என்று உறுதியாக நம்பி, காப்பாற்றுவதாகச் சொல்லித் தன் வீட்டு அறையில் பூட்டிவைக்கிறார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் கெஞ்சுவது அவர் காதில் விழுகிறது, உள்ளே இறங்குவதில்லை. இதுவும் இடைவிடாத கவனம்தான். ஆனால் அதில் ஹார்ட்லி இல்லை. கற்பனை தன் விருப்பத்தையே உண்மை என்று காட்டும் ஆபத்தைக் கட்டுரைகளிலும் மர்டாக் எச்சரித்திருக்கிறார். ஆனால் எதிரே இருப்பவர் வாய்திறந்து மறுக்கும்போது என்ன ஆகிறது என்பதை அந்த நாவலில்தான் நான் கண்டேன்.

மலையிறங்கிப் போகத் தூண்டியது எது, அதற்கு முன்னரே மனம் சற்று இளகியிருக்கவேண்டுமே என்று மர்டாக் என்னை மடக்கக்கூடும். உண்மையைச் சொன்னால், நான் குழந்தையைப் பார்க்கத்தான் போனேன், மருமகளைப் பார்க்க அல்ல.