ஐப்பசி ஈரத்தில் மாக்கரான்

கும்பகோணத்தில் ஐப்பசி மாதம் மாக்கரான் என்ற பிரெஞ்சு பாதாம் இனிப்பைச் செய்தால் அழுகைதான் வருகிறது. பாதாம் மாவு, பொடித்த சர்க்கரை, வெள்ளைக்கரு, பச்சைத் தேயிலைத் தூளான மாட்சா, எல்லாம் சரியான எடைதான். தட்டில் பிழிந்த வட்டங்கள் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்து, விரலில் ஒட்டாத ஏடு கட்ட வேண்டும். இங்கே இரண்டு மணி நேரமானாலும் பிசுபிசுப்பு! வடகிழக்குப் பருவமழை, சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வயல். காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. ஏடு இல்லாமல் ஓவனில் வைத்தால், நீராவி அடியில் விளிம்பு கட்டாமல் உச்சியைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. சரி, பிளக்காமல் தப்பியதாவது பச்சை நிறத்தில் இருக்குமா? சூடு கொஞ்சம் கூடினாலே பழுப்பு. நேற்று 150 டிகிரியில் பாதி வெந்தபோது கரண்ட் போய்விட்டது. பாதாம் விற்கிற விலைக்கு 24 வட்டங்களையும் எப்படிக் கொட்டுவேன்?