ஐந்து உயிரெழுத்தும் உள்ள ஒரே ஆங்கிலச் சொல் 'எஜுகேஷன்' அல்ல

பெங்களூரு தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் உள்ள ஒரே ஆங்கிலச் சொல் 'எஜுகேஷன்'தானாம். பிள்ளைகள் வினாடி வினாவுக்காக இதை மனப்பாடம் செய்கிறார்கள் என்பதுதான் கவலை. இது தவறு.

அல்சூர் காய்கறிக் கடையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. காலிஃபிளவரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: சி, ஏ, யு, எல், ஐ, எஃப், எல், ஓ, டபிள்யு, ஈ, ஆர். ஐந்தும் வந்துவிட்டன. ஈக்வேஷன், ஆட்டோமொபைல் இரண்டிலும் அப்படித்தான். கலிஃபோர்னியாவின் செக்வோயா மரத்துக்கு 7 எழுத்துகளே போதும். நீளமாக வேண்டுமா? கொஸ்டினேர், 13 எழுத்து.

சிலர் 'ஃபசீஷியஸ்' (facetious) ஒன்றில்தான் ஐந்தும் வரிசையாக வரும் என்கிறார்கள். அதுவும் சரியில்லை, 'அப்ஸ்டீமியஸ்' (abstemious) இருக்கிறதே! யு-வில் தொடங்கி ஏ-யில் முடியும் தலைகீழ் வரிசையும் உண்டு: 'சப்கான்டினென்டல்', 14 எழுத்து, ஒவ்வொரு உயிரெழுத்தும் ஒரே தடவை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

'ஒரே சொல்' என்று யார் சொன்னாலும் நீங்களே சோதிக்கலாம். மேக்கிலும் பல லினக்ஸ் கணினிகளிலும் வரிக்கு ஒரு சொல்லாகப் பெரிய சொற்பட்டியல் கோப்பு இருக்கும். கோப்பில் எழுத்துகளைத் தேடித் தரும் 'கிரெப்' (grep) கட்டளையால் முதலில் ஏ உள்ள சொற்களை மட்டும் எடுங்கள். அதில் ஈ உள்ளவை, அப்புறம் ஐ, ஓ, யு. மிஞ்சுவதை நீளப்படி அடுக்கினால் பெரிய சொற்கள் மேலே வந்து நிற்கும். கணினியில் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை.