மலினோவ்ஸ்கி பார்க்காமல் விட்ட வாழையிலைக் கட்டுகள்
ஒரு பண்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை? மொழியைக் கற்று ஆண்டுக்கணக்கில் ஊரோடு வாழ்ந்தவர் சொல்லலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது மட்டும் போதாது. பப்புவா நியூகினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையே இரண்டு தவணையாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார், கூடாரம் போட்டது ஊருக்குள்ளேயே, பேச்சும் அவர்கள் மொழியில்தான். ஆண்கள் வள்ளிக்கிழங்கை (yam) சீராகக் கொடுப்பதையும், கூலா எனும் கடல் கடந்த சங்கு அணிகலன் பரிமாற்றத்தையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், பெண்களின் செல்வமான வாழையிலைக் கட்டுகளைக் கணக்கில் எடுக்கவே இல்லை. 1971இல் அங்கே போன மானிடவியலாளர் அனெட் வைனரின் கண்ணில் அது முதல் நாளே பட்டது. வாழையிலையைக் கீற்றாகக் கிழித்து, கோலம் செதுக்கிய பலகையில் வைத்துச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, ஒரு முனையில் கட்டுகிறார்கள். ஒருவர் இறந்து சில மாதங்கள் கழித்து, அவருடைய தாய்வழிப் பெண்கள் இந்தக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் பங்கிடுகிறார்கள். மனைவியின் சகோதரனிடமிருந்து கிழங்கு வாங்கும் கணவன், தன் பொருளைக் கொடுத்து அவளுக்குக் கட்டுகள் சேர்த்துத் தர வேண்டும். இதை விட்டால் கிழங்குச் சீரின் பாதிக் கணக்கு காணாமல் போகிறது, அதிகாரமெல்லாம் ஆண்களிடமே இருப்பதாகத் தோன்றுகிறது. எனவே எத்தனை ஆண்டு தங்கினார் என்பதைவிட, யாரோடு உட்கார்ந்தார், எதைப் பொருளாக மதித்து எண்ணினார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் அங்கே பிறந்தவருக்கே அந்த உரிமை என்கிறார்; வைனர் பிறந்தது அமெரிக்காவில்.