சொகூவ்காவுக்குப் போனால் கிரின்கியையும் பாருங்கள்

போலந்துக்குப் போகிறவர்கள் கிராகோவையும் வார்சாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். வடகிழக்கு மூலையில், பெலாருஸ் எல்லையை ஒட்டி, சொகூவ்கா வட்டம் இருக்கிறது. காடு, வயல், பால் மாடுகள், நடுநடுவே சின்னச் சின்ன ஊர்கள். கத்தோலிக்கத் தேவாலயமும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சுகோவோலாவில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். 1775இல் அரசவை வானியலாளர் ஒருவர் கணக்குப் போட்டு ஐரோப்பாவின் மையம் இதுதான் என்றாராம். எனக்கு அந்தக் கல்லைவிட முக்கியம், பக்கத்திலிருக்கும் ஒகோப்பி கிராமம். 1984இல் கம்யூனிச அரசின் ரகசியப் போலீஸ் கொன்ற பாதிரியார் யெர்ஸி பொப்பியெவுஷ்கோ பிறந்த மண் அது.

குருஷினியானியும் பொகோனிகியும் துருக்கிய வழிவந்த தாதர் இன முஸ்லிம்களின் கிராமங்கள். தன் படையிலிருந்த தாதர் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கியைக் காசாகக் கொடுக்க முடியாத மன்னர் மூன்றாம் யான் சொபியெஸ்கி, 1679இல் நிலமாகக் கொடுத்தார். குருஷினியானியின் பச்சை நிற மர மசூதியைத் தூரத்தில் பார்த்தால், இரண்டு கோபுரங்களோடு, நாட்டுப்புறத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். உச்சியில் பிறை தெரிந்த பிறகுதான் புரியும். பெரெகாச்செவ்னிக் சாப்பிடாமல் வராதீர்கள். காகிதம்போல் தேய்த்த ஆறு மாவுத் தாள்களை நெய் தடவி அடுக்கி, கறி வைத்துச் சுருட்டி, நத்தை ஓடுபோல வளைத்துச் சுட்டெடுப்பார்கள்.

எல்லாரும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது கிரின்கியைப் பற்றி. ஆறு பக்கச் சந்தைத் திடல். அதிலிருந்து பன்னிரண்டு தெருக்கள் சக்கரத்தின் ஆரங்களாகப் பிரிகின்றன. தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த ஊர். 1905இல் தொழிலாளர்கள் எழுந்து ஊரையே சில நாள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அன்று ஊரில் பெரும்பாலோர் யூதர்கள். 1942 நவம்பரில் நாஜிகள், யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதியைக் காலிசெய்தார்கள். பெரும்பாலோரின் பயணம் ட்ரெப்ளிங்கா கொலை முகாமில் முடிந்தது. போரில் சிதைந்த பெரிய யூதத் தொழுகைக்கூடத்தைப் பின்னால், 1971இல், வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மிஞ்சியது தடித்த கல்சுவரின் அடிப்பகுதி மட்டும். இடுக்கெல்லாம் புல். நான் நின்ற நேரத்தில் அங்கே வேறு யாருமில்லை. மசூதியைப் பொத்திப் பாதுகாத்து உலகத்துக்குக் காட்டும் அதே மண்ணில், இந்தச் சுவருக்கும் அந்தக் கவனம் வேண்டும். குருஷினியானியிலிருந்து கிரின்கி கொஞ்சத் தூரம்தான். வண்டியைத் திருப்பும் முன் ஒருமுறை இறங்கி, அந்தப் பன்னிரண்டு தெருக்களில் ஏதாவது ஒன்றிலாவது நடந்து பாருங்கள்.