மயிலை கேசவப் பெருமாள் கோயில் 108-ல் ஒன்றா?

பேயாழ்வார் அவதரித்த தலம் என்பதால் மயிலாப்பூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் 108 திவ்ய தேசங்களில் (வைணவ அடியார்களான ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களில்) ஒன்று என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மயிலை பேயாழ்வாரின் ஊர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோயில் 108-ல் வராது.

ஆழ்வார் பிறந்த ஊர் என்பது இங்கே கணக்கில்லை, ஆழ்வார் பாடிய ஊரா என்பதுதான் கணக்கு. ஆழ்வார் அல்லாவிட்டாலும் பெரிய வைணவ ஆசாரியரான ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரே பட்டியலில் இல்லையே! திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் அதில் இருப்பதற்குக் காரணம், பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் அதைப் பாடியிருப்பது.

இந்தக் குழப்பத்துக்கு ஆழ்வார்களின் பாசுரங்களே (பாடல்களே) இடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. திருமழிசையாழ்வார் 'மாமயிலை மாவல்லிக் கேணியான்' என்கிறார், திருமங்கையாழ்வாரும் 'நன்மயிலைத் திருவல்லிக்கேணி' என்கிறார். மயிலை என்ற பெயர் வருகிறது, சரி. ஆனால் பாடப்பட்ட பெருமாள் திருவல்லிக்கேணியில் இருப்பவர்.

சரிபார்ப்பது சுலபம். நாலாயிர திவ்யப் பிரபந்தம் வீட்டில் இருந்தால் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்து, மூன்றாம் திருமொழியையும், திருமழிசையாழ்வாரின் நான்முகன் திருவந்தாதியில் 35-ஆம் பாட்டையும் பாருங்கள். பல பதிப்புகளில் கடைசியில் பாடல் பெற்ற தலங்களின் அட்டவணையும் இருக்கும். அதில் திருவல்லிக்கேணி தனித் தலமாக இருக்கும், மயிலாப்பூர் இருக்காது.

மற்றபடி, ஐப்பசி சதயத்தில் பேயாழ்வார் திருநட்சத்திரத்துக்கு மயிலைக்குப் போவதற்கு இந்தப் பட்டியல் எந்த விதத்திலும் தடையில்லை. தாராளமாகப் போய் வாருங்கள்.